எல்லாம் தண்ணிதான் சார்!

தாம்பரத்திலிருந்து மாலையில் கிளம்பும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் ஒரு குடியிருப்போர் சங்கமே ஏறுகிறது என்று வையுங்கள். கட்டைப்பையில் புளியோதரை, எவர்சில்வர் தூக்கில் தயிர்சாதம், யாரோ ஒருவரின் மடக்கு நாற்காலி, எல்லாம் ஆளுக்கு ஆள் கைமாறி இருக்கைக்கு அடியில் போய்ச் சேரும். ஒரே ஒரு பை மட்டும் யார் கைக்கும் போகாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிப் பை. "குடுங்க சார், மேல வெச்சிடறேன்" என்று யாராவது கை நீட்டினால், "வேணாம் சார், மாத்திரை" என்பார் அதன் சொந்தக்காரர். வயது நாற்பத்தாறு. சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. மாத்திரை மட்டும் இருக்கிறது.

அவரை நம்மவர் என்றே சொல்லிவிடுகிறேன். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். பெயர் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கேம்ப் ரோட்டிலிருந்து சோழிங்கநல்லூர் வரை வருடக்கணக்கில் பைக்கில் போய்வந்து, மேடவாக்கம் கூட்ரோட்டுத் தூசியை முகத்தில் வாங்கியவர். பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடிய விழாவில், கூடப் படித்தவன் ஒருவன் எழுந்து நின்று, "வணக்கம் சார், எங்களுக்கு நீங்க எந்தப் பாடம் எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறான். அன்று இரவு மகளின் அலமாரியைத் திறந்தார். இன்னும் மூடவில்லை.

பிளஸ் டூ வேதியியலில் தட்டுத்தடுமாறித் தேறியவர் இப்போது நியாசினமைடு, ரெட்டினால், ஹையலூரானிக் ஆசிட் என்று வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார். காலையில் வைட்டமின் சி, அதன்மேல் ஈரப்பதக் கிரீம், அதன்மேல் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதம் புற ஊதா 'பி' கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்காக அவர் கடைக்காரரோடு வாதாடியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். "நண்பருக்கு வாங்கறேன்" என்றுதான் வாதத்தை ஆரம்பித்தார்.

இரவுச் சடங்கு இன்னும் நீளம். காலையில் பூசியதை எடுக்க ஒரு எண்ணெய்ப் பசை, அந்த எண்ணெயை எடுக்க ஒரு நுரை, பிறகு டோனர், சீரம், ரெட்டினால், கிரீம். இதெல்லாம் போர் தண்ணீரில் நடக்காது. இந்தப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு, ஷவர் துளைகளையே அடைத்துவிடும், முகத்துளைகளை விடுமா? ஆகவே குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில்தான் முகம் கழுவுகிறார். "கேன் எப்படிங்க ரெண்டு நாள்ல காலியாகுது?" என்று மனைவி கேட்டபோதுதான் அந்த வாசகம் பிறந்தது: "நான் இப்பல்லாம் தண்ணி நிறையக் குடிக்கிறேன்ல." அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். கஸ்தூரி மஞ்சளையும் பயத்தம் மாவையும் குழைத்து, பால்காரர் வந்தாலும் அப்படியே கதவைத் திறப்பவர் அவர். கணவர் கழிப்பறையில் நாற்பது நிமிடம் எடுப்பது செரிமானக் கோளாறு அல்ல என்பது அவருக்குத் தெரியாதா?

இவ்வளவு ஒளிவு மறைவு எதற்கு என்பதுதான் எனக்குப் புதிர். ஏனென்றால் இந்த வட்டாரம் முகப்பூச்சுக்கு விரோதி அல்ல. பல்லாவரத்தில் பாண்ட்ஸ் பவுடர் செய்த தொழிற்சாலை இருந்தது. அங்கே பஸ் நிறுத்தத்துக்கே பாண்ட்ஸ் என்றுதான் பெயர். நம்மவரின் அப்பா காலத்து ஆண்கள் குளித்துவிட்டு வந்து, கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று, பவுடரை உள்ளங்கையில் கொட்டி, முகம், கழுத்து, அக்குள் என்று அடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கைக்குட்டையில் துடைத்து அதைக் காலரில் செருகிக்கொண்டு மின்சார ரயில் ஏறினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. 1967-இல் பரங்கிமலைத் தொகுதி எம்.ஜி.ஆரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அவர் நிறத்துக்குத் தங்க பஸ்பம்தான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டது. பேச்சில் கேலி இல்லை, பொறாமைதான் இருந்தது. 2005-இல் ஆண்களுக்கென்றே சிவப்பழகுக் கிரீம் வந்ததற்கும் காரணம், பெண்களின் டியூபை ஆண்கள் திருட்டுத்தனமாகப் பிதுக்கிக்கொண்டிருந்ததுதான். அதே வருடம் தாம்பரம் சானடோரியத்தில் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் போய்த் தோலுக்கு மருந்து கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அங்கே நோய் இருந்தால்தான் மரியாதை.

நம்மவருக்கு வெட்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்கப்படுகிறவர் அப்பார்ட்மென்ட் பொதுக்குழுவில் முதல் வரிசையில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். பூசாமலே இப்படி இருக்கிறார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பவுடர் போட்டவன் பவுடருக்கு நன்றி சொன்னான். இவர் தன் பரம்பரைக்குச் சொல்லவைக்கப் பார்க்கிறார்.

வீட்டில் இருக்கும்வரை இது நடந்துவிடும். கூட்டத்தோடு பயணம் என்றால் அது ராணுவ நடவடிக்கை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ராமேஸ்வரம் என்று அறிவிப்பு வந்த அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார். டோனர், கண் சொட்டு மருந்துப் புட்டிக்குள் போகும். சீரம், ஹோமியோபதிப் புட்டிக்குள். முகம் கழுவும் நுரை, ஓம வாட்டர் பாட்டிலுக்குள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ரெட்டினால் கிரீமை ஒரு தைல டப்பாவைச் சுரண்டிக் கழுவி, அதில் நிரப்பி மூடுவார். வைட்டமின் சி சூடு பட்டால் பழுப்பேறிக் கெட்டுவிடும் என்பதால் அது மட்டும் தயிர்சாதத் தூக்குக்குப் பக்கத்தில், ஈரத் துணி சுற்றிப் பயணம் செய்யும். ஷாம்பூவை பாக்கெட்டில் அடைத்துக் காட்டிய கடலூர் சின்னி கிருஷ்ணனுக்கு யாராவது சிலை வைத்தால், முதல் மாலை நம்மவருடையதாக இருக்கும். இந்த ரயிலும் கடலூர் வழியாகத்தான் போகிறது.

இந்த முறை விபத்து கடலூருக்கு முன்பே நடந்தது. எதிர் இருக்கையில் அவருடைய அத்தை, எழுபது வயது, ரவிக்கைக்குள் சுருக்குப்பை.

"டேய், அந்தத் தைலத்த எடு. முட்டி குடையுது."

"அது... தலைவலித் தைலம் அத்தை."

"தலைக்குப் போடறதக் காலுக்குப் போட்டா கால் கோச்சுக்குமா? எடுடா."

பட்டாணி அளவுக்குமேல் எடுக்கக்கூடாத கிரீமை அத்தை மூன்று விரலால் வழித்தார். ஒரு முட்டிக்கு ஒரு வழி. பிறகு மனசு கேட்காமல் கணுக்காலுக்கும் ஒன்று. நம்மவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

"என்னடா இது, எரியவே இல்ல? வாசனையும் இல்ல. எந்தப் படுபாவி உன்ன ஏமாத்தினான்?"

"வெளிநாட்டுத் தைலம் அத்தை. மெதுவாத்தான் வேலை செய்யும்."

"அப்ப என்கிட்டயே இருக்கட்டும்" என்று டப்பா சுருக்குப்பைக்குள் போனது.

அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. சங்கச் செயலாளர் அவரை உற்றுப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் எப்படி சார் வயசே ஏறல?" என்றார். நம்மவர் அரைப் புன்னகையோடு, "எல்லாம் தண்ணிதான் சார். ஒரு நாளைக்கு நாலு லிட்டர். வேற ஒண்ணும் போடறதில்ல" என்றார். செயலாளர் நம்பினார். பொருளாளர் நம்பினார். அடுத்த நிறுத்தத்தில் ஆண்கள் அத்தனை பேரும் இறங்கி, ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கி வந்து, போட்டி போட்டுக் குடித்தார்கள்.

இரவு விளக்கணைந்ததும், எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று கணக்குப் போட்டு, நம்மவர் பெட்டியின் கோடியிலிருக்கும் கைகழுவும் தொட்டிக்குப் போனார். எண்ணெய்ப் பசையை முகம் முழுக்கத் தேய்த்துக் கண்ணை மூடியிருந்த கட்டத்தில், அவர் வாயிலிருந்து கிளம்பிய நாலு லிட்டர் உபதேசம் வரிசையாக வர ஆரம்பித்தது. முதலில் பொருளாளர், பின்னால் செயலாளர், அவருக்குப் பின்னால் சி பிளாக் முழுவதும். அந்தக் கோடியில் கழிப்பறை இரண்டுதான். ஆகவே மற்றவர்களுக்குப் பார்க்க நேரம் நிறைய இருந்தது.

"சார், என்ன இப்படி வேர்த்து வடியுது? மார்ல வலிக்குதா?"

"இல்ல... கொஞ்சம்... குமட்டல்."

அவ்வளவுதான். ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பொருளாளர் ஓடிப்போய், நம்மவர் பையிலிருந்தே ஓம வாட்டரை எடுத்துவந்து வாயில் ஊற்றினார். நுரை வந்தது. அதைப் பார்த்துச் செயலாளர் சங்கிலியை இழுக்கப் போனார். நம்மவரே பாய்ந்து கையைப் பிடித்துத் தடுத்தார். பயணத்தில் அவர் செய்த ஒரே பொதுத்தொண்டு அது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பாம்பன். 1914-ஆம் ஆண்டுப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட நடுவில் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். திறந்த அன்று இந்தத் தாம்பரம் ரயிலுக்குத்தான் கொடி அசைத்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சுற்றிலும் கடல். பெட்டியில் இருந்த அத்தனை பேரும், குழந்தைகள், அத்தை உட்பட, ஜன்னலிலும் கதவிலும் தொங்கினார்கள். தொட்டிப் பக்கம் ஒருவரும் இல்லை. பாலம் ஏறி இறங்குவதற்குள் நம்மவர் முகம் கழுவி, வைட்டமின் சி, கிரீம், சன்ஸ்கிரீன் மூன்றையும் முடித்தார். ராமேஸ்வரம் அவர் பலமுறை போனவர். பாம்பன் பாலம் எப்படி இருக்கும் என்று கேட்டால், காலண்டரில் பார்த்ததைத்தான் சொல்வார்.

பூசியது எத்தனை நேரம் நிற்கும்? முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் தண்ணீரில் துவர் 10, விரை 5, ஓமாலிகை 32 வகை ஊறியிருக்கும். மொத்தம் 47. அதன் பிறகுதான் ஒப்பனை, அதன் பிறகுதான் கடற்கரை. நம்மவர் எட்டுக்கே இந்தப் பாடு படுகிறார். மாதவிக்குச் சங்கத்துப் பொருளாளர் கிடையாது என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடலுக்குப் பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றுமேட்டில் நிற்பவர் வாளியை இழுத்து, இழுத்த வேகத்தில் தலையில் கவிழ்ப்பார். ஒவ்வொரு வாளிக்கும் நம்மவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பக்கத்திலிருந்த வடநாட்டு அம்மாள் ஒருவர் அந்தப் பக்தியைப் பார்த்து நெகிழ்ந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பாவம் போனதோ இல்லையோ, கோடி தீர்த்தத்துக்கு வருவதற்குள் எஸ்.பி.எஃப். ஐம்பதும் போய்விட்டது.

மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள். ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கு இதைவிட வசதியான கோயில் தமிழ்நாட்டில் இல்லை. ஈர வேட்டியை மாற்றிய கையோடு ஒரு தூணுக்குப் பின்னால் போய் டியூபைத் திறந்தார். கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை, ஆகவே முகம் பார்க்க வழியில்லை. துத்தநாகம் கலந்த சன்ஸ்கிரீன் எப்போதுமே கொஞ்சம் வெள்ளையாகத் தேங்கும். குத்துமதிப்பாகப் பூசினால் கேட்கவே வேண்டாம். தூணை விட்டு வெளியே வந்தவரைப் பார்த்ததும் ஒரு பெரியவர் கையேந்தினார்.

"சாமி, விபூதி எந்தப் பக்கம் குடுக்கறாங்க?"

நம்மவர் மூலஸ்தானத்தின் திசையைக் காட்டினார். பின்னாலேயே அத்தையும் வந்து, "இவன் அப்பனுக்குக்கூட இவ்வளவு பக்தி கிடையாது" என்று சங்கத்தாரிடம் பெருமையாகச் சொன்னார்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். சேலையூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொருளாளரும் இருக்கும்போது, அத்தை நாற்காலியில் உட்கார்ந்து புடவையை முட்டிவரை வழித்துக் காட்டினார்.

"வலி அப்படியேதான்டா இருக்கு. ஆனா தோலப் பாரு. சுருக்கமே இல்ல, பளபளன்னு. எனக்கு ஒரு யோசனை. இதையே மூஞ்சிக்குத் தடவினா என்ன?"

"ஐயையோ, மூஞ்சிக்கா? கூடவே கூடாது அத்தை. தைலம் அது. எரிஞ்சு போயிடும்."

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தார்.

"உனக்கு எரியுதாடா?"