ஓரசை அதிகாரம்: ஸ்பானிய மொழியின் எட்டு ஒழுங்கற்ற ஏவல் வினைகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

மனிதர் பேசும் பேச்சில் கணிசமான பகுதி பிறரை வேலை வாங்குவதற்கே செலவாகிறது. ஆயினும் வேலை வாங்கும் சொற்களின் உடற்கட்டைப் பற்றி வேலை வாங்குவோர் நூல் எழுதுவதில்லை; அவர்களுக்கு நேரமில்லை. வேலை செய்வோர்க்கோ அதைவிட நேரமில்லை. இவ்விரு தரப்பிலும் சேராத ஆய்வாளர் என்ற முறையில் இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முற்படுகிறது.

ஆய்வெல்லை

ஸ்பானிய மொழியின் முன்னிலை ஒருமை உடன்பாட்டு ஏவல் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எதிர்மறை ஏவலுக்கு வேறு வினைவடிவம் வேண்டும். ‘சொல்’ என்பதற்கு ‘தி’ என்ற ஓரெழுத்து போதும். ‘சொல்லாதே’ என்பதற்கு ‘நோ திகாஸ்’ என்று நீட்ட வேண்டும். தடுப்பவருக்கு ஏவுபவரைக் காட்டிலும் அவகாசம் அதிகம் என்பது புலனாகிறது. அது தனி ஆய்வுக்குரியது. மேலும், ஸ்பானியர் வகரத்தைப் பகரமாகவே ஒலிப்பர். இக்கட்டுரை அவர்கள் எழுதுவதைப் பின்பற்றுகிறது. ஒலிப்பது அவர்கள் பாடு.

தரவுகள்

ஒழுங்கான வினைக்கு ஏவல் அமைப்பது எளிது. ‘அவள் பாடுகிறாள்’ என்பதற்குரிய வடிவத்தை எடுத்து எதிரே இருப்பவரைப் பார்த்துச் சொன்னால் அது கட்டளை. ‘மரியா கான்தா’ என்றால் மரியா பாடுகிறாள். நடுவில் ஒரு காற்புள்ளி விழுந்தால் மரியா பாடியே தீரவேண்டும்.

இந்த விதிக்கு எட்டு வினைகள் அடங்குவதில்லை. சொல் என்பதற்குத் ‘தி’, செய் என்பதற்கு ‘ஆஸ்’, போ என்பதற்கு ‘வே’, வை என்பதற்குப் ‘போன்’, வெளியேறு என்பதற்கு ‘ஸால்’, இரு என்பதற்கு ‘ஸே’, வைத்துக்கொள் என்பதற்குத் ‘தென்’, வா என்பதற்கு ‘வென்’. எட்டும் ஓரசைச் சொற்கள். அமெரிக்க வகுப்பறைகளில் இவற்றை நினைவில் நிறுத்த, நடிகர் வின் டீசலிடம் பத்து ஆயுதங்கள் இருப்பதாக ஓர் ஆங்கில வாய்பாடு சொல்லித் தரப்படுகிறது. அதை வேகமாகச் சொன்னால் எட்டு ஏவல்களும் ஏறத்தாழ உதிர்ந்துவிடும்.

கருதுகோள்

இந்த எட்டும் ஏன் தேய்ந்தன? பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு மத்ரித் தாயின் காலைப் பொழுதே சான்று. இங்கே வா. படுக்கையைச் சரிசெய். குளியலறையை விட்டு வெளியேறு. மேசையில் தட்டுகளை வை. போய் ரொட்டி வாங்கு. உண்மையைச் சொல். கவனம் வைத்துக்கொள். நல்ல பிள்ளையாக இரு. எட்டு வினைகளும் எட்டு மணிக்குள் தீர்ந்துவிட்டன. ‘வென்’ என்று ஓரசையில் முடிய வேண்டியதை விதிப்படி ‘வியேனே’ என்று இழுத்தால் பேருந்து போய்விடும். ஆகவே, ஒரு வினை எவ்வளவு கத்தப்படுகிறதோ அவ்வளவு தேயும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னோர் வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. லத்தீனில் ஈற்று உயிரை இழந்த ஏவல்கள் நான்கு: சொல், நடத்திச் செல், செய், சுமந்து வா. ரோமானிய வீட்டின் நிர்வாகம் முழுவதும் இந்த நான்கில் அடங்கும். தமிழிலும் வருதலும் தருதலும் ஏவலில் ‘வா’, ‘தா’ என்றே நிற்கின்றன. காரணம் சொல்லத் தேவையில்லை.

துணை முடிவுகள்

ஒன்று: மரியாதை எழுத்தைக் கூட்டும். ‘நீ’ என்பவரிடம் ‘ஸால்’. ‘தாங்கள்’ என்பவரிடம் ‘ஸால்கா’. ‘வென்’ என்பது ‘வெங்கா’ ஆகும். நம் ‘வா’, ‘வாருங்கள்’ ஆவது போல.

இரண்டு: சிக்கனத்தின் விலை குழப்பம். ‘ஸால்’ என்றால் உப்பு என்றும் பொருள். ‘ஸே’ என்றால் எனக்குத் தெரியும். ‘தி’ என்றால் கொடுத்தேன். ‘வென்’ என்றால் அவர்கள் பார்க்கிறார்கள். ‘வே’ என்பது ‘போ’வுக்கும் ‘பார்’க்கும் பொதுவான ஏவல். சாப்பாட்டு மேசையில் ‘ஸால்’ என்று ஒருவர் உறுமினால், உப்பை நகர்த்துவதா, தான் நகர்வதா என்று கேட்பவரே தீர்மானிக்க வேண்டும்.

மூன்று: வாரிசுகள் எல்லாரும் குடும்ப வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. ‘வை’யின் வழிவந்த வினைகள் தந்தையைப் போலவே குறுகும். ‘சொல்’லின் வழிவந்த ‘ஆசீர்வதி’, ‘முன்னுரை’ ஆகிய வினைகள் குறுக மறுத்து நீண்டே நிற்கின்றன. ஆசீர்வாதத்தையும் ஜோசியத்தையும் அவசரப்படுத்த முடியாது. ‘திருப்திப்படுத்து’ என்ற வினைக்குக் குறுகியது, நீண்டது என இரண்டு ஏவல்கள் உண்டு. எதைச் சொன்னாலும் இலக்கணத்தாருக்குத் திருப்தியே.

எதிர்ச்சான்று

அர்ஜென்டினாவில் ‘நீ’க்கு வேறு சொல் வழங்குகிறது, ஏவலும் வேறு. அங்கே ‘வா’ என்பது ‘வெனீ’, ‘சொல்’ என்பது ‘தெஸீ’. ஒழுங்கற்றவையாக இருந்த வினைகள் பெரும்பாலும் அங்கே ஒழுங்குக்குள் வந்துவிட்டன. புவெனோஸ் ஐரிஸ் தாய்மார்களுக்கு அவசரமே இல்லையா என்று நம் கருதுகோளை ஐயுறலாம். ஐயம் வேண்டாம். அந்த ஏவல்களில் அழுத்தம் முழுவதும் கடைசி அசையில் விழுகிறது. எழுத்தில் விட்டுக்கொடுத்ததைத் தொண்டையில் ஈடுகட்டுகிறார்கள்.

அதிகாரம் யாருடையது?

1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமியின் முழக்கம் மூன்று வினைகளால் ஆனது: துப்புரவாக்குகிறது, நிலைநிறுத்துகிறது, ஒளி தருகிறது. மேலே கண்ட விதிப்படி இவற்றையே கட்டளைகளாகவும் வாசிக்கலாம்: துப்புரவாக்கு, நிலைநிறுத்து, ஒளி கொடு. யாருக்கு இடப்பட்ட கட்டளை என்பதே வினா.

விடை இரண்டு நிகழ்வுகளில் உள்ளது. முதலாவது: ‘ஸால்’ என்ற ஏவலோடு ‘அவனுக்கு’ என்னும் பொருளுள்ள ‘லே’ சேரும்போது இரண்டு லகரங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஸ்பானிய எழுத்தில் இரட்டை லகரத்தை யகரம்போல வாசிப்பது மரபு. ஆகவே அந்தச் சொல்லை வாயால் சொல்லலாம், எழுத வழியில்லை என்று அகாதெமியே ஒப்புக்கொண்டது. இரண்டாவது: ஸ்பெயினில் பலரைப் பார்த்துப் ‘போய்விடுங்கள்’ என்பதற்கு அகாதெமி வகுத்த வடிவம் ‘இதோஸ்’. மக்களோ ‘ஈரோஸ்’ என்றே சொல்லிவந்தார்கள். 2017இல் அகாதெமி ‘ஈரோஸ்’ என்பதையும் ஏற்றுக்கொண்டது. கட்டளை எப்படி இடவேண்டும் என்று கட்டளையிடும் அமைப்பு, கடைசியில் கட்டளைக்குப் பணிந்தது.

முடிவும் பரிந்துரையும்

ஏவல் வினையின் வடிவத்தை ஏவுகிறவர்களே தீர்மானிக்கிறார்கள், அகாதெமி குறிப்பெடுத்துக்கொள்கிறது. எனவே ஸ்பானியம் கற்க விரும்புவோர் அட்டவணையை மனப்பாடம் செய்வதை விடுத்து, எட்டு ஏவல்களையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த ஒருவருடைய வீட்டில் ஒரு மாதம் குடியிருக்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. வாடகைக்கான நிதிநல்கை கோரும் விண்ணப்பம் தனியே அனுப்பப்படும்.