ராத்திரி மாத்திரை – தொடர்பாக

பெறுநர்: முதியோர் இல்லங்களை ஆய்வு செய்யும் அலுவலர் அவர்கள்.

பொருள்: இல்லத்தில் மாத்திரை வழங்கும் சீர்மை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

கடந்த 22ஆம் தேதி தாங்கள் எங்கள் இல்லத்துக்கு எழுந்தருளி, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து, தீயணைப்பு சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, கேசரி சாப்பிட்டு, மாத்திரைப் பதிவேட்டில் பச்சை மையில் கையெழுத்திட்டுப் போனீர்கள். கருவூலத்தில் பதிவேடு எழுதியே தலை நரைத்தவன் என்பதால் நானும் அதைப் புரட்டினேன். அன்றைக்கே 30ஆம் தேதி வரைக்கும் டிக் போட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. மூன்றாம் கட்டில் பெரியவர் 17ஆம் தேதி காலமானவர். மாதக் கடைசி வரை பிரஷர் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. உயிரோடிருந்த காலத்தில் அவ்வளவு ஒழுங்கு அவரிடம் கிடையாது.

சட்டம் தூங்குகிறது என்பவர்கள் மருந்துக்கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை, மருந்து விதிகளின் 'எச்1' பட்டியலில் இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து, அதை விற்கிற கடைக்காரர் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் எழுதி, அந்த நோட்டை மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். கடைப்படி இறங்கி இல்லத்துக்குள் நுழைந்துவிட்டால் அதே மாத்திரையை யார் கொடுத்தார், அது யார் வாய்க்குள் போனது, எதற்காக என்று கேட்க நாதியில்லை.

இங்கே அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டோடு போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு. அப்புறம் நிறம்தான் பெயர். "ரோஸ் யாருக்கு?" என்பார் ஆயா. நாலைந்து கை உயரும். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், இல்லங்களில் மருத்துவக் கவனிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் தரம் வகுக்கலாம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எங்கள் நிர்வாகம் இரண்டையும் ஒரே டப்பாவில் முடித்துவிட்டது.

இன்சுலின் ஊசியில் சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். ஆயாவுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பாத்திரம் கழுவி, டயப்பர் மாற்றி, அந்தக் கையோடு ஊசியும் போடுகிறவர் அவர்; அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. சம்பளப் பட்டியலில் நர்ஸ் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. பார்த்தவர் யாருமில்லை.

ராத்திரி மாத்திரைக்குத் தனியே பாராட்ட வேண்டும். எட்டரைக்கெல்லாம் ஹால் முழுக்க நிசப்தம். தூக்கம் வராதவருக்கும் வந்தவருக்கும் தூக்க மாத்திரை. மறதி நோய்க்காரர்கள் எழுந்து அலையாமல் இருக்க குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்து. இந்த வகை மருந்து மறதி நோயுள்ள முதியவர்களுக்குச் சாவு ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இலேயே கட்டம் கட்டி எச்சரித்ததாம். அமெரிக்காவில் ராத்திரி டூட்டிக்கு ஆள் கிடைக்கிறார்கள் போலிருக்கிறது. இங்கே ஒரே ஒரு ஆயா.

விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்தவர் அந்த மயக்கத்திலேயே தடுமாறி விழுவார், இடுப்பெலும்பு முறியும். பதிவேட்டில் 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதுவார்கள். குற்றவாளி தரைதான். தாங்களும் வழுக்காத டைல்ஸ் பதிக்கும்படி குறிப்பெழுதியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த ஆய்வுக்கு முன்தகவல் கொடுக்காமல் இரவு ஏழரைக்கு வாருங்கள். எங்களோடு பெஞ்சில் உட்காருங்கள். தங்களுக்கும் பிரஷர் உண்டென்று தங்கள் டிரைவர் சொன்னார். மாத்திரையைக் கையோடு கொண்டுவர வேண்டாம். வெள்ளையா, ரோஸா என்று மட்டும் சொல்லுங்கள். ஆயா எடுத்துத் தருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஐந்தாம் கட்டில்.