கிரவுனுக்குள் பூவன் பழம்

எண்பதுகளில் போடி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு ஜீப்புதான் வண்டி. கார் என்பது மதுரைக் கல்யாணத்துக்கும், வாய்தா நாளில் கோர்ட்டுக்கும் போக. எங்கள் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த முதலாளி ஒருவர் மட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் மலையேறுவார். அதற்கு அவர் சொன்ன நியாயம் சரியானதுதான். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மற்ற கார்கள் மூச்சு வாங்கித் திரும்பும் இடத்தில் அவர் ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பின்னால் வருபவனைப் பார்த்துச் சிரிப்பார்.

முன்சக்கரம் செய்த சாகசத்துக்குத் தண்டனை அனுபவித்தது பின்னால் இருந்த கிரவுன். முழு டிஃபரன்ஷியலுக்குமே பட்டறையில் அதுதான் பெயர். நேர் ரோட்டில் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களுக்கு வேலையே இல்லை. கூட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். வளைவு வந்தால்தான் உள்பக்கச் சக்கரத்தை மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரத்தை வேகமாகவும் விட வேண்டிய பஞ்சாயத்து அவற்றின் தலையில் விழும். தேனியிலிருந்து கம்பம் வரை பள்ளத்தாக்கிலேயே ஓடும் காருக்கு இந்தப் பஞ்சாயத்து அபூர்வம். மலையேறும் காருக்குத் தினமும் 17, இறங்கும்போது இன்னொரு 17. அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து தேய்வது ஒரு ஜோடி த்ரஸ்ட் வாஷர். அது தேய்ந்தால் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது பின்னால் ‘டொக்’ என்று கேட்கும்.

ஊளை வேறு ஜாதி. ஏறும்போது கிரவுன் பல்லின் ஒரு முகம் வேலை செய்கிறது. செகண்ட் கியரில் இன்ஜினை வைத்துப் பிடித்து இறங்கும்போது மறுமுகம். எங்கள் மேஸ்திரி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போடிமெட்டு வரை போய்வருவார். “ஏறுறப்ப ஊளையாடா, இறங்குறப்ப ஊளையாடா?” என்று என்னிடம் கேட்பார். நான் எதைச் சொன்னாலும் வேறொன்றைத்தான் முடிவு செய்வார். முதலாளியின் கார் இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் ஊளையிட்டது. போடிநாயக்கனூரில் அவர் வருவது தெருமுனைக்கு முன்பே தெரியும்.

இதே பின்பக்கத்தை வைத்துக்கொண்டுதான் இங்கிலாந்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரே செய்தார்கள் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. ட்ரையம்ஃப் கம்பெனி 1962இல் தன் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, மிக்கலோட்டி வரைந்த உடம்பை மேலே மாட்டி ஸ்பிட்ஃபயர் என்று விற்றது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. சேசிஸில் முடுக்கிய டிஃபரன்ஷியல், அதன் தலையில் ஆறு ஸ்டட்டில் உட்காரும் குறுக்கு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஏறி இறங்கும் ஆக்சில் எல்லாம் ஒரே வம்சம். அதில் பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 37. நாங்களோ சீமை ஸ்போர்ட்ஸ் காரின் வயிற்றைக் கழற்றி மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டே, வண்டலூர் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்காரன் இப்படி வேண்டாத வேலை பார்த்து வைத்திருக்கிறானே என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

பாகம் கிடைக்காது. மேஸ்திரி பழைய பித்தளைச் சொம்பை வெட்டித் தட்டி வாஷர் செய்தார். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே நாலு முதல் ஆறு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வேண்டும். டயல் கேஜ் இல்லை. சவரப் பிளேடு நாலு தௌ, அதை விட்டுப் பார்த்தார். பல் எங்கே பொருந்துகிறது என்று பார்க்க எண்ணெயில் குழைத்த செந்தூரம். இதெல்லாம் யோக்கியமான வேலை. யோக்கியமில்லாததும் உண்டு. ஒருமுறை புரோக்கர் தள்ளிவிட்டுப் போன கார் ஒன்றைத் திறந்தோம். ஊளை கேட்காமலிருக்க, கிரவுனுக்குள் மரத்தூளும் வாழைப்பழமும் அடைத்து 90 நம்பர் ஆயிலை ஊற்றியிருந்தான். சட்டியில் வடிந்தது பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி இருந்தது. இந்தத் தில்லுமுல்லு சீமையிலும் பேர் போனதுதான். ஆனால் மேஸ்திரிக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. “சின்னமனூர்ல பழம் என்ன வெல விக்குது, இவன் பூவனைக் கொண்டுபோய் இதுல திணிச்சிருக்கான் பாரு.”

மழைநாள் ஒன்றில், வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி ஆட்டம் காட்டியது. முதலாளி முகம் வெளிறிப்போய் வந்து இறங்கினார். இந்த ஆக்சிலுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே உண்டு. இங்கிலாந்துக்காரன் 1970இல் ஸ்பிரிங் கட்டும் முறையை மாற்றிக் குணத்தை அடக்கினான். நம்மூர் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1972இல் கெசல் என்று புதுப் பெயர் வைத்து, இறக்கையையே வெட்டிவிட்டு நேர் ஆக்சில் போட்டது. நம் மெக்கானிக்குகளுக்கும் பழையது பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆகவே எங்கள் மேஸ்திரியும் மதுரையில் எடைக்கு ஒரு கெசல் ஆக்சில் வாங்கி வந்து, பிராக்கெட் வெல்டிங் வைத்து, ஹெரால்டை முன்னேற்றினார். கழற்றிய டிஃபரன்ஷியல் அவர் வீட்டுத் துவைகல்லுக்கு முட்டுக்கொடுக்கப் போனது.

போன வருஷம் முதலாளியின் பேரன் பெங்களூரிலிருந்து வந்தார். கார் அவருக்கு இப்போது பரம்பரைச் சொத்து.

“ஐயா, ஒரிஜினல் டிஃப் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியும் தம்பி. துணி துவைச்சிக்கிட்டிருக்கு.”

முன்னேற்றத்தைக் கழற்ற, முன்னேற்றியதைப்போலப் பல மடங்கு செலவு. கல்லை நகர்த்த மேஸ்திரி வீட்டார் புதுக் கல் கேட்டார்கள், அது நியாயம். கூடு கெட்டியான வார்ப்பிரும்பு, ஒன்றும் ஆகவில்லை. கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஆயில் வற்றாமல் கிடந்ததால் ஜோடி தப்பித்தது. பேரிங், சீல், நாலைந்து கனத்தில் வாஷர் எல்லாம் இங்கிலாந்திலிருந்து பத்து நாளில் பெட்டியில் வந்தன. அதற்குக் கட்டிய சுங்க வரியில் தாத்தா காரையே வாங்கியிருப்பார்.

உள்ளே பித்தளை வாஷர்கள் அப்படியே இருந்தன. மேஸ்திரியின் கைக்கணக்கு தௌ பிசகாது என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். பேரன் மைக்ரோமீட்டரை எடுத்தார். இடதுக்கும் வலதுக்கும் மூன்று தௌ வித்தியாசம். ‘டொக்’ ஏன் கடைசிவரை போகவில்லை என்று விளங்கியது. பேரன் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் இரண்டையும் துடைத்துப் படம் எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டார். சொம்பு வாங்கியவர் பெயரையும் எழுதலாமென்று நான் சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்.

கூட்டி முடித்து ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. பேரனுக்கு அதில் லேசான குறை. தாத்தா கார் வருவது ஊருக்கே கேட்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். கொஞ்சமாவது சத்தம் வைக்க முடியாதா என்றார். பழைய பேரிங் தூக்கிப் போட்டாயிற்றே என்றேன்.

மதுரையில் பழைய கார்க் கண்காட்சி. போடியிலிருந்து போக ரயிலே வந்துவிட்டது, ரோடும் அகலம். ஆனாலும் புது டிஃபரன்ஷியல் தேயக்கூடாதாம். காரைக் கேரியர் லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். லாரி கிளம்பி இரண்டாவது கியர் விழுந்ததும் எனக்குக் கேட்டுவிட்டது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

“தம்பி, உன் வண்டில பினியன் பேரிங் போகுது. கிரவுன கழட்டிப் பாரு.”

“அதெல்லாம் மதுரை வரைக்கும் ஓடும்ணே” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.