டோர்வல் மலைச்சைக்கிளும் திணைமயக்கமும்: சக்கர விட்டம் குறித்த ஓர் ஆய்வு

குறிஞ்சியின் கருப்பொருள்களைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்று அடுக்கிய முன்னோர் மலைச்சைக்கிளைச் சொல்லாமல் விட்டது ஒரு பெருங்குறை. அக்குறையை நீக்கப் புகுந்த இவ்வாய்வுக்குக் களம் மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்து டோர்வல். தெற்கே சென் லோறன்ஸ் ஆறு அகன்று சான்-லூயி ஏரியாகக் கிடக்கிறது. வடக்கே விமான நிலையம். கடல்மட்டத்திலிருந்து 36 மீட்டர். இடையில் உள்ளவை வீடுகளும் வேகத்தடைகளும். இவ்வூரை ஏரி கருதி நெய்தல் என்பாரும், மாசி மாதத்துக் காற்றைக் கருதிப் பாலை என்பாரும் உளர். குறிஞ்சி என்பார் ஒருவரும் இலர்.

அங்ஙனமாயின், முன்னும் பின்னும் ஷொக் பூட்டிய ட்ரெயில் சைக்கிள்கள் இவ்வூர்க் கராஜ்களில் தொங்குவது என்னை? திணை மயங்கலாம், நிலம் மயங்குதல் ஆகாது என்பது தொல்காப்பியர் தீர்ப்பு. சைக்கிள் டோர்வலுக்கு வரலாம். டோர்வல் மலையாக முடியாது. கிட்டிய மலையான மவுண்ட் றோயல் 233 மீட்டர்தான். அதிலும் ஓம்ஸ்டெட் பெயரால் வழங்கும் அகலப் பாதையை விட்டு மரங்களுக்குள் சைக்கிளை இறக்கத் தடை. சைக்கிள் இறக்க இடமுள்ள புறோமொன் மலை வரை போகலாமென்றால் ஒரு மணிநேரத்துக்கு மேல் காரோட்ட வேண்டும். அதற்குப் பஞ்சிப்படுகிறவனே ஆய்வாளனாகிறான்.

இனிச் சக்கரம். 26 என்போர், 27.5 என்போர், 29 என்போர் என மதம் மூன்று. இவற்றுள் மூத்த 26க்கு விஞ்ஞானக் காரணம் ஏதுமில்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள் மலையிலிருந்து உருட்டிவிடப் பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றில் 1933 முதல் வந்த தடித்த ரயர் 26 அங்குலம். அவ்வளவுதான். குப்பையில் கிடைத்த அளவு முப்பது வருடம் சாத்திரமாக இருந்தது. 29 தலையெடுக்க 1999இல் டபிள்யூ.டி.பி. நிறுவனம் நனோராப்டர் என்ற ரயரை வார்க்க வேண்டியிருந்தது. 27.5 என்பதோ பிரெஞ்சுக்காரர் உல்லாசப் பயணத்துக்கு வைத்திருந்த பழைய 650பி றிம். பெயர் மாற்றி மறுபிறவி எடுத்தது.

இம்மூன்றும் அங்குலக் கணக்கில் ஒழுங்காக அடுக்கியது போலத் தோன்றும். ரயர் உட்காரும் றிம்மை மில்லிமீட்டரில் பார்த்தால் குட்டு உடைகிறது: 559, 584, 622. நடுவில் நிற்பதாகப் பெயரெடுத்த 27.5, கீழுள்ளதைவிட 25 பெரிது. மேலுள்ளதைவிட 38 சிறிது. நடுநிலைமை வகிக்கிறோம் என்று சொல்லும் பெரியவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்பது கலியாண வீடுகளில் கண்டதுதானே.

இவ்விடத்தில் ஒப்பாய்வு தேவைப்பட்டது. கோண்டாவிலில் அப்பப்பாவின் ரலி சைக்கிள் இன்னும் நிற்கிறது. சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, ரயர்க் கரையில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டேன். ரோச் அடித்துப் பார்த்தார்.

“40-635 எண்டு கிடக்கு. உனக்கென்னத்துக்கடா இது இந்த நேரத்தில?”

40 என்பது ரயரின் அகலம், 635 என்பது றிம்மின் விட்டம். 28 என்று பெயர்கொண்ட அப்பப்பாவின் றிம், 29 என்று பெயர்கொண்ட புதுச்சைக்கிளின் றிம்மைவிட 13 மி.மீ. பெரிது! அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ்களில் நெல்மூட்டையும் பால்கானும் ஏறியதும் பெரும்பாலும் இதே றிம்மின் மேல்தான். மொத்த உயரத்தில் மட்டும் 29 ஒரு விரல் முந்துகிறது. அதுவும் ரயரின் தடிப்பால்.

பெரிய சக்கரம் தடையை இலகுவாக ஏறும் என்பது 29 மதத்தாரின் மகாவாக்கியம். கியூபெக்கில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி குற்றமாதலின், நடைபாதை விளிம்பை விட்டு நண்பரின் வீட்டு வாசலில் ஒரு மரக்கட்டையைப் போட்டோம். கடையில் நாலுக்கு நாலு என்று விற்ற கட்டை. அளந்தால் மூன்றரை அங்குலம், அதாவது 89 மி.மீ. எண்கள் பொய் சொல்வது சைக்கிளோடு நிற்கவில்லை. 2.3 அங்குல ரயர் பூட்டிய 26 இந்தக் கட்டையை ஏறத்தாழ 43 பாகைச் சரிவாகச் சந்திக்கிறது. 29, 41 பாகையாக. இரண்டு மதங்களுக்கிடையே இத்தனை காலமாக நடந்த போரின் மொத்த விலை இரண்டு பாகை.

அடுத்தது கலப்பு மதம்: முன்னே 29, பின்னே 27.5. சைக்கிள் பந்தயங்களின் உலகச் சங்கம் இதற்கு 2019இல்தான் இசைந்தது. அதே ஆண்டு மோன் சான்த்-ஆனில் டவுன்ஹில் உலகப் பட்டம் வென்ற லோயிக் புறூனி அந்தப் பருவத்தில் ஓட்டியது இப்படிப்பட்ட வண்டியே. அம்மலை எங்கள் மாகாணத்தில் இருப்பதால் அந்த வெற்றியில் தனக்கும் பங்குண்டு என்று நண்பர் கருதுகிறார். டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவில் பிடிப்பதால் றிம் எந்த விட்டமானாலும் பிரேக் முறையிடாது. பழைய றிம் பிரேக்கில் இந்த விளையாட்டு நடவாது.

ஆனால் இரண்டும் 29ஆகச் செய்த சைக்கிளில் பின்சக்கரத்தை மட்டும் மாற்றினால் பின்அச்சு 19 மி.மீ. தாழும். பெடல் சுழலும் இடம் சுமார் 12 மி.மீ. இறங்கும், முன்பக்கம் ஒரு பாகையளவு மல்லாரும். செங்குத்து இறக்கத்தில் இது நல்லது. டோர்வலில் செங்குத்து இறக்கம் கராஜ் வாசல் மட்டுமே. மிச்ச இடங்களிலெல்லாம் பெடல் எதிலாவது இடிக்கும். அந்தக் கட்டையில் இடித்தது, பக்கத்துப் பூப்பாத்தியின் கல்லிலும் இடித்தது.

இவற்றுக்கிடையே தற்செயலாக ஒன்று தெரியவந்தது. ரயரின் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலிலிருந்து 22க்கு இறக்கியபோது, நண்பரின் மகன் ஓட்டும் பழைய 26 அந்தக் கட்டையை முன்னைய 29ஐவிட மெத்தென்று ஏறியது. செலவு எதுவுமில்லை, வால்வை அமத்தினால் போதும். பனிக்காலத்தில் உறைந்தும் உருகியும் குழிவிழும் மொன்றியல் வீதிகளுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேண்டியதில்லை என்பது எம் துணிபு.

நண்பர் உடன்படவில்லை. 27.5 பின்சக்கரத்துக்கு முதல் நாளே காசு கட்டிவிட்டாராம். இத்தகவல் ஆய்வு முடிந்தபின் கிடைத்தமையால் முடிவுகளில் சேர்க்கப்படவில்லை.