குயில் கூவினால் சாலையைக் கடக்கலாம்

ஒகாயாமா, ஜப்பான்

அன்புள்ள அண்ணாவுக்கு,

  

புல்லட் ரயிலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கோபித்துக்கொண்டிருந்தீர்கள். அதன் பிரதாபத்தை உலகமே பாடிக்கொண்டிருக்கையில், அடியேனை மயக்கியதென்னவோ இவ்வூர் நடைபாதைதான். சென்னை மெட்ரோ ஸ்டேஷனில் மேடுமேடாகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைக் கண்டு, கான்ட்ராக்டர் கலாரசிகர் போலும் என்று மெச்சினீர்களே, அக்கற்களுக்கு ஜன்மபூமி இந்த ஒகாயாமாதான். இங்கே விடுதி நடத்திவந்த மியாகே செயிச்சி என்பவர், பார்வை மங்கிவந்த நண்பரொருவரை எண்ணி 1965இல் உருவாக்கிய அக்கல், 1967 மார்ச் 18ஆம் தேதி, பார்வையற்றோர் பள்ளிக்கருகே நெடுஞ்சாலையைக் கடக்குமிடத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. அக்கல்லின் நீளக் கோடுகள் காலில் தட்டுப்பட்டால் மேலே நடக்கலாம். புள்ளிகள் தட்டுப்பட்டால் நின்று கவனிக்க வேண்டும்.

இதைவிட ரசமானது இரண்டு சென்டிமீட்டர் விவகாரம். நடைபாதை சாலையோடு சேருமிடத்தில், சக்கர நாற்காலியில் வருகிறவருக்குத் தரை சமமாயிருக்க வேண்டும். வெள்ளைக் கோலால் தட்டிக்கொண்டு வருகிறவருக்கோ, சமமாயிருந்தால் நடைபாதை எங்கே முடிந்தது, லாரியின் ராஜ்யம் எங்கே தொடங்கிற்று என்பது விளங்காது. இவ்விரு கட்சியாரின் வாதத்தையும் செவிமடுத்த நியாயாதிபதியைப்போல, சக்கரம் ஏறிவிடக்கூடியதும் கோல் முட்டக்கூடியதுமான 2 சென்டிமீட்டர் விளிம்பை விட்டுவைப்பதென்று விதி செய்திருக்கிறார்கள். நம்மூர் நடைபாதையில் ஏறுவதற்கே முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் தங்களுக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றலாம்.

ஊரெல்லாம் இப்படியே என்று எண்ணிவிட வேண்டாம். சந்துகளில் நடைபாதையே கிடையாது. ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்து, அதன்மேல் மின்கம்பத்தையும் நட்டுவிட்டு, மிச்சத்தைப் பாதசாரியின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மஞ்சள் கல்லின்மேலேயே சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகும் புண்ணியவான்களும் உண்டு.

நாற்சந்திகள் பலவற்றில் பச்சை விளக்கு எரிந்தால், சிக்னல் கம்பத்திலிருந்து ஒரு திசையில் கடப்பதற்குக் குயிலும் குறுக்குத் திசையில் கடப்பதற்குக் கோழிக்குஞ்சும் கூவும். எப்பக்கம் வழி திறந்தது என்பதைக் காதாலேயே அறிந்துகொள்ளலாம். ஆனால் அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடுகிறதென்று, இரவானதும் பல சந்திகளில் அப்பட்சிகளின் வாயை அடைத்துவிடுகிறார்கள். பொழுது சாய்ந்தபின் பார்வையற்றவர் வீட்டோடு கிடக்க வேண்டுமென்பது எந்த ஊர் நியாயமோ, வக்கீலாயிருந்த தாங்கள்தாம் சொல்ல வேண்டும்.

மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி