பின்னட்டை வாசகன்

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் ஒரு முக்கியப் பேச்சாளன். மாதத்தில் ஏதாவதொரு ஞாயிறு சாயங்காலம் பேப்பர் படிக்கிற மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சமீபத்தில் படித்த புத்தகத்தைப் பற்றி ஆளாளுக்குக் கருத்துச் சொல்வோம். படித்தவர்களும் சில பேர் வருவார்கள்.

என் தயாரிப்பு முறை ரொம்ப சிம்பிள். முதலில் பின்னட்டை. அப்புறம் முன்னுரையில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். அதற்கப்புறம் நடுவில் எங்கேயாவது திறந்து, கண்ணில் படுகிற ஒரு பாத்திரத்தின் பெயரையும் பக்க எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்வேன். "குறிப்பாக 214ஆம் பக்கத்தில்..." என்று ஆரம்பித்தால் சபையே நிமிர்ந்து உட்காரும். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது சரியாக அப்போதுதான் எனக்கு மறந்துபோகும்.

இதற்குச் சாஸ்திர ஆதாரம்கூட வைத்திருக்கிறேன். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன், நம்ம சீர்காழிக்காரர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துக்கொடுத்தார். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அது நூலகர்களுக்குச் சொன்னது என்கிறார்கள். நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

சட்டமும் என் பக்கம்தான். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகிறார்கள். வரி கட்டுகிறவனுக்குப் படிக்காமல் இருக்கவும் உரிமை உண்டு என்பது என் கட்சி. குடியிருப்பது வாடகை வீடு என்பதால் இதை ஹவுஸ் ஓனர் காதில் விழும்படி பேசுவதில்லை.

மனசாட்சி உறுத்துகிற நாட்களில் 'பொன்னியின் செல்வன்' இருக்கிற ரேக்குக்குப் போவேன். முதல் பாகத்தைத் திறந்தால் தேதிச் சீட்டு நிரம்பி வழிகிறது. அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதிலும் ஊதா முத்திரைகள் இடம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. ஐந்தாம் பாகத்தின் சீட்டில் பாதிக்குமேல் வெள்ளை. எத்தனை பேர் வந்தியத்தேவனைக் குதிரையோடு நடுவழியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறோம்! எனக்கு விழுந்த முத்திரை இரண்டாம் பாகத்தோடு நிற்கிறது. 2022இல் படம் வந்தது, பிழைத்தோம்.

சினிமா இப்படி என் இலக்கிய வாழ்க்கையைப் பல தடவை தூக்கி நிறுத்தியிருக்கிறது. காலை வாரியது 'காவல் கோட்டம்' விஷயத்தில்தான்.

சு.வெங்கடேசன் எழுதிய நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1310இல் மாலிக் காபூர் படையெடுப்பில் ஆரம்பித்து 1910 வரைக்கும் மதுரையின் அறுநூறு வருஷக் கதை. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச யார் தயார் என்று நூலகர் கேட்டபோது, கை தானாக மேலே போயிற்று. நாவலின் ஒரு பகுதியை வைத்து வசந்தபாலன் எடுத்த 'அரவான்' படத்தை நான் பார்த்திருந்தேன். முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்தால் இன்னொரு அதிர்ஷ்டம். முன்னாடி எடுத்துப்போன புண்ணியவான் ஒருவர் முக்கியமான வரிகளுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஓரத்தில் 'ஆகா', 'உண்மை' என்று அபிப்பிராயம் வேறு. கோடு போட்டதை மட்டும் படித்தால் உரை ரெடி. ஆனால் 60ஆம் பக்கத்தோடு கோடுகள் நின்றுபோயிருந்தன. நானும் நின்றேன்.

கூட்டத்தில் கம்பீரமாகத்தான் பேசினேன். கேள்வி நேரம் வந்ததும், தினமும் அங்கே உட்கார்ந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையன் எழுந்து, "சார், இதுக்கு எந்த வருஷம் சாகித்ய அகாதமி?" என்றான். "2011" என்றேன். அட்டையைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்த ஒரே தகவல். அவன் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். என்னைப்போலவே படிக்காமல் நாவல்களைத் தெரிந்துவைத்திருப்பவன். அவனுக்கு வேலையாவது கிடைக்கும்.

அப்புறம், தாலுகா ஆபீஸில் ரிட்டயரான பெரியவர் கேட்டார்: "தம்பி, மதுரைக் கோட்டையை இடிக்கிற எடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளிவீதிகளை உண்டாக்கியது மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த வரலாறு. எனக்கு அன்றைக்குத் தெரியாது. படத்தில் நடுவே கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன், அப்போது இடித்திருப்பார்கள் என்று கணக்குப்போட்டு, "அந்த இடத்தில் பின்னணி இசை பிரமாதம்" என்றேன்.

ஒரு நிமிஷம் சீலிங் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நாவலில் இசையா என்று யாராவது கேட்பதற்குள், "அதாவது மொழியின் இசை" என்று சமாளித்தேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்களும் படிக்கவில்லை என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து, வாரா வாரம் கட்டைப்பையில் புத்தகம் அள்ளிப்போகிற பூக்கடை அக்கா வாயைத் திறந்தார். "நான் ரெண்டு தடவ ரினீவல் போட்டு முழுசாப் படிச்சேன் சார். களவுக்குப் போறாங்க, காவலுக்குப் போறாங்க, எல்லாம் சரி. போனவன் விடியறதுக்குள்ள வருவானா மாட்டானான்னு வீட்டுல பொம்பளைங்க முழிச்சிக் கெடப்பாங்கல்ல? எனக்கு அந்த நெனப்பாவே இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். என் அரைமணி நேரத்து உரையில் அந்த வீடுகளுக்குள் நான் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. 'வாய்மொழி வரலாறு', 'மாற்று வரலாறு' என்று வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

சுண்டலும் டீயும் வந்தபோது பெரியவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மாட்டினோம் என்று நினைத்தேன். "தம்பி, அதுல பென்சில் கோடு பார்த்தீங்களா? போட்டது நான்தான். அறுபது பக்கத்துக்கு மேல கண்ணு ஒத்துழைக்கல. கோட்டை இடிக்கிறது எந்தப் பக்கத்துல வருதுன்னு உங்ககிட்ட கேட்டுக்கலாம்னுதான் கேட்டேன்" என்றார். இரண்டு பேரும் டீயை ரொம்ப மெதுவாகக் குடித்தோம்.

கிளம்பும்போது நூலகர் கூப்பிட்டார். "சார், நீங்கதான் அருமையாப் பேசுறீங்க, அடுத்த கூட்டத்துக்கும் நீங்களே" என்று ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்தை என் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன். ஒரு பென்சில் கோடு இல்லை. 1997இல் வந்த நாவல், இத்தனை வருஷத்தில் யாரும் படமாகவும் எடுக்கவில்லை.