சாக்குக் கட்டிய யன்னல்

1992இல் எங்கள் வீட்டில் படம் போடுவதென்றால் முதல் வேலை யன்னல்களுக்குச் சாக்குக் கட்டுவதுதான். இரண்டு வருடத்துக்கு முன் போர் மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் கரண்ட் நின்றுபோயிருந்தது. ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம். ஜெனறேற்றருக்கு வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். வெளிச்சம் கசிந்தால் மேலே சுற்றுகிற ஹெலியின் கண்ணில் படும் என்ற பயத்தில் சாக்கின் ஓரங்களை ஆணி வைத்து அறைவார்கள். அந்தப் புழுக்கத்துக்குள் அயலட்டை முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

படம் 'கரகாட்டக்காரன்'. பார்த்த படம்தான், நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ. ஆனால் கவுண்டமணி வாய் திறந்ததும் கிழவிகள்கூட வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். எந்தப் படத்திலும் அவர் ஆள் பார்த்துப் பேசுவதில்லை. பணக்காரன், படித்தவன், ஊர்ப் பெரியவர் எல்லாருக்கும் ஒரே அளவுதான். வெளியே நாங்கள் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாத காலம் அது. உள்ளே அந்த மனுசன் எங்களுக்கும் சேர்த்துப் பேசினார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

சில படங்களில் இரட்டை அர்த்தப் பகிடி வரும். வரப்போவது அப்பாவுக்கு முன்பே தெரியும். எழும்பிப் போய்ச் சால்வையால் ரீவியை மூடிவிடுவார். சத்தம் வரும், பெரியாக்கள் குலுங்கிச் சிரிப்பார்கள், எங்களுக்கு முன்னால் சால்வைக் கரை மட்டும் தெரியும்.

"என்னப்பா சொன்னவர்?"

"உனக்கு உது விளங்காது. போய்ப் படு."

அதே அப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் 'சிரித்திரன்' இதழ்கள். கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம், எங்களுக்குச் 'சிரித்திரன் சுந்தர்', 1963இல் தொடங்கிய பகிடிச் சஞ்சிகை. சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரனும் அவருடைய கோட்டில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தாரின் படிப்புப் பெருமை, உத்தியோகப் பெருமை ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்பா இல்லாத நேரம் பார்த்து நான் அவற்றைப் படித்தேன். பாதி விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை.

1995 ஒக்டோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. சைக்கிளில் அரிசியும் உடுப்பும் ஏறின, பெட்டி ஏறவில்லை. திரும்பி வந்தபோது பெட்டி இருந்த இடத்தில் ஓடும் மண்ணும்தான் கிடந்தன.

இப்போது அதே வீட்டில் இரவிரவாகக் கரண்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. யன்னல் திறந்தே கிடக்கிறது. நான் 'சிம்ப்சன்ஸ்' பார்க்கிறேன், 'சவுத் பார்க்' பார்க்கிறேன். "இந்த வயதில கார்ட்டூனோ?" என்று மச்சான் கேட்கிறார். கார்ட்டூன் சின்னப்பிள்ளைகளின் சாமான் என்ற எண்ணம் எங்கள் ஊருக்குள் எப்படி வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. சிம்ப்சன்ஸ் தனித் தொடராக வந்தது 1989இல். அதற்கு 26 வருடம் முன்னமே சிரித்திரன் வந்துவிட்டதே! கடதாசியை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்துத்தான் சவுத் பார்க்கின் முதல் அங்கத்தைச் செய்தார்கள். அந்த வெட்டுத் துண்டுகளில் நான் காண்கிற துணிச்சல் சவாரித்தம்பருடைய துணிச்சல்தான்.

போன மாதம் மொன்டி பைதன் என்ற நகைச்சுவைக் குழுவின் 'லைஃப் ஒஃப் பிரையன்' பார்த்தேன். 1979இல் வந்த படம். அயர்லாந்திலும் நோர்வேயிலும் தடை செய்தார்கள். சமயத்தைப் பகிடி பண்ணுகிறதென்று பயந்து முதலில் காசு போட இருந்தவர்கள் விலக, பீற்றில்ஸ் ஜோர்ஜ் ஹரிசன் தன் வீட்டை ஈடு வைத்துக் காசு கொடுத்தாராம். ஏனென்று கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாராம். ஒரு சிரிப்புக்காக வீட்டை ஈடு வைத்த மனுசன்! ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடு இருட்டில் நடந்து வந்தவர்களுக்கு அவரை நன்றாக விளங்கும்.

என் மகளுக்குப் பதினேழு வயது. அமெரிக்க அரசியல் பகிடி வந்தால் படத்தை நிறுத்தி எனக்கு விளக்குகிறாள். விளக்கினால் சிரிப்புச் செத்துவிடும் என்பார்கள். எனக்கு ஒருநாளும் சாகவில்லை. பிறகு நான் 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய சிரித்திரன் இதழொன்றைத் திறந்து கொடுப்பேன். நேற்று அவள் திரையில் விரலை வைத்துக் கேட்டாள்.

"அப்பா, இதில என்ன பகிடி?"

சின்னக்குட்டியின் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "கிட்ட வா பிள்ளை" என்றேன்.